யூசிஎல்ஏ பெண்கள் சாஃப்ட்பால்: ஐம்பது ஆண்டில் மூன்றே பயிற்சியாளர்கள்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பாலில் 2021 முதல் 2024 வரை ஓக்லஹோமா பல்கலைக்கழகம்தான் கோப்பைகளை அள்ளிக்கொண்டு போனது. அப்படியிருக்க, இந்த ஆட்டத்தை நெடுநாள் பார்த்தவர்கள் யூசிஎல்ஏ-வைத்தான் முதலில் சொல்கிறார்களே, ஏன்? அந்த அணி அப்படி என்ன செய்தது?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். யூசிஎல்ஏ என்பது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ நடத்தும் சாம்பியன்ஷிப்பை அதன் சாஃப்ட்பால் அணி 12 முறை வென்றிருக்கிறது: 1982, 1984, 1985, 1988, 1989, 1990, 1992, 1999, 2003, 2004, 2010, 2019. அதற்கும் முன்னால், வேறொரு சங்கம் போட்டியை நடத்திய காலத்தில், 1978இல் ஒரு தேசியப் பட்டம். ஓக்லஹோமாவுக்கு 2024 வரை 8 பட்டம், அரிசோனாவுக்கும் 8. ஓக்லஹோமா 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தது இதுவரை யாரும் செய்யாத காரியம், அதைக் குறைத்துப் பேச வழியில்லை. ஆனாலும் மொத்தக் கணக்கில் யூசிஎல்ஏ-தான் முன்னால் நிற்கிறது.

என்னைக் கேட்டால், அந்த 12ஐவிட 3 என்ற எண்தான் பெரியது. 1975இலிருந்து இன்றுவரை அந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள் மூன்றே பேர். மூவரும் பெண்கள். இரண்டாமவர் முதலாமவரிடம் ஆடியவர். மூன்றாமவர் அந்த இருவரிடமும் ஆடியவர். முதலாமவருக்குப் பிறகு வெளியிலிருந்து ஒரு தலைமைப் பயிற்சியாளரைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை அந்த அணிக்கு ஒருமுறைகூட வரவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இது எவ்வளவு அபூர்வம் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன். அணியின் வெற்றிகளில் பாதியை இந்த ஒரு விஷயமே விளக்கிவிடும் என்பது என் எண்ணம்.

சாஃப்ட்பால் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். பேஸ்பாலின் தங்கை என்று சொல்வார்கள். ஆனால் மைதானத்தில் நின்று பார்த்தால் தனி ஆட்டமாகவே தெரியும். பந்து பெரியது, சுற்றளவு 12 அங்குலம். 7 இன்னிங்ஸ், அதற்குள் சமனில் இருந்தால் இன்னும் நீளும். ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்களான பேஸ்களுக்கு நடுவே 60 அடிதான் தூரம். பந்து போடுபவரான பிட்சர் கையைக் காற்றாடி மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புப் பக்கத்தில் கீழிருந்து பந்தை விடுவார். கீழிருந்து போடுவதுதானே, மெதுவாகத்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல கல்லூரிப் பிட்சரின் பந்து மணிக்கு 105 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பேஸ்பாலில் பிட்சர் நிற்பது 60 அடிக்கும் சற்றுத் தள்ளி. இங்கே 43 அடியில். அடிப்பவருக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் பந்து மேலேறுகிறதா, கீழே விழுகிறதா, வெளியே போகிறதா என்று பார்த்து மட்டையை வீச வேண்டும். அதனால் ஒரு நல்ல பிட்சர் கிடைத்துவிட்டால் எதிரணிக்கு ரன்னே வராது. யூசிஎல்ஏ-வின் முதல் இருபது வருடக் கதையைப் புரிந்துகொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி 1970களுக்குப் போவோம். 1972இல் அமெரிக்காவில் ‘டைட்டில் நைன்’ என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் கல்லூரி விளையாட்டைத்தான் அது அதிகமாகப் புரட்டிப் போட்டது. அதுவரை பெண்கள் அணி என்றால் மிச்சம் மீதிப் பணத்தில், ஆண்கள் ஆடி முடித்த நேரத்தில், கிடைத்த மைதானத்தில் ஆடுவது என்றே இருந்தது.

யூசிஎல்ஏ அப்போது ஆண்கள் கூடைப்பந்தின் தலைநகரம். ஜான் வுடன் என்ற பயிற்சியாளர் 10 தேசியப் பட்டங்களை வென்று கொடுத்துவிட்டு 1975இல் ஓய்வு பெற்றார். அதே 1975இல்தான் பெண்கள் விளையாட்டுத் துறையின் பொறுப்புக்கு ஜூடித் ஹாலண்ட் வந்தார், ஷாரன் பேக்கஸ் சாஃப்ட்பால் பயிற்சியாளரானார். அன்றைக்கு அந்த வளாகத்தில் எல்லோரும் வுடன் போனதைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். சாஃப்ட்பாலுக்கு ஒரு பயிற்சியாளர் வந்திருக்கிறார் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? அந்த அணி இன்று வுடனின் 10ஐத் தாண்டி நிற்கிறது.

பேக்கஸ் யார் என்றால், கல்லூரிக்கு வெளியே வளர்ந்த சாஃப்ட்பால் உலகத்தின் ஆள். கல்லூரிகள் பெண்களைக் கண்டுகொள்ளாத காலத்திலும் அமெரிக்காவில் நகர கிளப்புகளும் தொழிற்சாலை அணிகளும் பெண்கள் சாஃப்ட்பாலை உயிரோடு வைத்திருந்தன. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆரஞ்ச் லயனெட்ஸ், கனெக்டிகட்டில் பிரேக் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் பெயரைத் தாங்கிய ரேபெஸ்டாஸ் பிரேக்கெட்ஸ், இரண்டும் பெரிய பெயர்கள். பேக்கஸ் இந்த இரண்டு அணிகளிலும் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்று, வேகமான தரைப்பந்துகளைப் பொறுக்கி எறியும் இடம் அது. கிளப் உலகில் அவர் கற்றதுதான் யூசிஎல்ஏ-வின் அஸ்திவாரம்.

அவருடைய முதல் அணியிலேயே சூ என்குவிஸ்ட் என்ற மாணவி இருந்தார். சென்டர் ஃபீல்டில் நிற்பவர், நல்ல ஹிட்டர். யூசிஎல்ஏ சாஃப்ட்பாலில் முதன்முதலாக, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலான அகில அமெரிக்க அணிக்குத் தேர்வானவர் அவர்தான். 1978இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் நடந்த கல்லூரி வேர்ல்ட் சீரிஸை, அதாவது தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்டத் தொடரை, யூசிஎல்ஏ வென்றபோது என்குவிஸ்டுக்கு அது கடைசி ஆண்டு. அதே வருட வசந்தத்தில் யூசிஎல்ஏ பெண்கள் கூடைப்பந்து அணியும் தேசியப் பட்டம் வென்றது. சட்டம் வந்து ஆறே வருடம்தான் ஆகியிருந்தது.

1978 போட்டியை நடத்தியது என்சிஏஏ அல்ல. அப்போது பெண்கள் கல்லூரி விளையாட்டைப் பெண்களே நடத்திய ஏஐஏடபிள்யூ என்ற தனிச் சங்கம் இருந்தது. ஜூடித் ஹாலண்ட் அதன் தலைவராகவும் இருந்திருக்கிறார். ஆண்கள் விளையாட்டை மட்டும் நடத்திக்கொண்டிருந்த என்சிஏஏ 1980களின் தொடக்கத்தில் பெண்கள் போட்டிகளையும் எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. அதனிடம் பணம் இருந்தது, டிவி ஒப்பந்தம் இருந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. 1982இல் இரண்டு சங்கமும் ஆளுக்கொரு சாஃப்ட்பால் சாம்பியன்ஷிப் நடத்தின. ஏஐஏடபிள்யூவின் கடைசிப் பட்டம் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் போனது. என்சிஏஏவின் முதல் பட்டத்தை யூசிஎல்ஏ எடுத்தது. 8 இன்னிங்ஸ் போன இறுதி ஆட்டத்தில் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டை 2-0 என்று வென்றார்கள். அதோடு ஏஐஏடபிள்யூவின் கதை முடிந்தது.

இந்த மாற்றத்தில் பெண்களுக்கு ஒரு பெரிய இழப்பும் உண்டு. டைட்டில் நைன் வந்த நேரத்தில் பெண்கள் கல்லூரி அணிகளில் பத்துக்கு ஒன்பதைப் பெண்களே பயிற்றுவித்தார்கள். சம்பளமும் அந்தஸ்தும் கூடக்கூட அந்த வேலைகளுக்கு ஆண்கள் வரத் தொடங்கினார்கள். இன்று பாதி அணிகளுக்குக்கூடப் பெண் பயிற்சியாளர் இல்லை. யூசிஎல்ஏ சாஃப்ட்பால் இந்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படவில்லை. பேக்கஸ் 1980இல் என்குவிஸ்டைத் தன்னிடம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1989 முதல் இருவரும் சரிசமமாகத் தலைமைப் பொறுப்பில் இருந்தார்கள். 1997இல் பேக்கஸ் விலகியபோது என்குவிஸ்ட் தனியாகத் தொடர்ந்தார். பொறுப்பைக் கைமாற்ற எட்டு வருடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த விளையாட்டிலும் இவ்வளவு பொறுமையாக நடந்த கைமாற்றத்தை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 1982 அணியின் பெரிய பெயர்கள் இரண்டு. பிட்சர் டெபி டூம், ஷார்ட்ஸ்டாப் டாட் ரிச்சர்ட்சன். டாட் ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். பத்து வயதில் அவர் பந்து எறிவதைப் பார்த்த ஒரு பயிற்சியாளர், தன் சிறுவர் அணியில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றாராம். நிபந்தனை: முடியை வெட்டிக்கொள்ள வேண்டும், பெயரை ‘பாப்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். நான் யாரென்று மறைத்துக்கொண்டு ஆடுவது சரியில்லை என்று அந்தச் சிறுமி மறுத்துவிட்டாள். யூசிஎல்ஏ-வில் மூன்று சீசன் அணியின் சிறந்த ஹிட்டராக இருந்தார். 1980களின் சிறந்த கல்லூரி சாஃப்ட்பால் வீராங்கனை என்று பின்னர் என்சிஏஏ அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் மருத்துவம் படித்து எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரானார். 1996இல் சாஃப்ட்பால் முதன்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது அவருக்கு 34 வயது, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். விடுப்பு எடுத்துக்கொண்டு போய் ஆடினார். தங்கப் பதக்க ஆட்டத்தில் சீனாவுக்கு எதிராக அவர் அடித்த ஹோம்ரன் (வேலியைத் தாண்டிப் போகும் அடி) வலது எல்லைக் கம்பத்தை ஒட்டிப் போனது. அது வெளியே விழுந்த பந்து என்று சீன அணி எவ்வளவோ வாதாடியது, நடுவர் ஏற்கவில்லை. ஆட்டம் 3-1. இந்தத் தங்கத்தை வென்று கொடுத்த ஹோம்ரன் அதுதான்.

1982 முதல் 1992 வரை யூசிஎல்ஏ ஏழு இறுதி ஆட்டங்களை வென்றது. ஸ்கோர்களை அப்படியே தருகிறேன்: 2-0, 1-0, 2-1, 3-0, 1-0, 2-0, 2-0. அதாவது ஏழு இறுதி ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணிகள் எடுத்த ரன் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை 1985இல் நெப்ராஸ்கா எடுத்தது, அதுவும் 9 இன்னிங்ஸ் போன ஆட்டத்தில். 1984இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியுடன் 13 இன்னிங்ஸ் ஆடித்தான் யூசிஎல்ஏ-வின் ஒற்றை ரன் வந்தது. யூசிஎல்ஏ-வும் ரன்களைக் குவிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழு ஆட்டத்தில் 13 ரன்தான். பிட்சர் கட்டிப்போடுவார், தடுப்பில் தவறு நடக்காது, எங்காவது ஒரு ரன் வரும்வரை பொறுமையாக இருப்பார்கள். ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிய ஒருவர் கட்டிய அணி என்பது இந்த ஸ்கோர்களிலேயே தெரிகிறது.

இந்த வரிசையின் உச்சம் லீசா ஃபெர்னாண்டஸ். 1990 முதல் 1993 வரை அங்கே ஆடினார். கியூபாவிலிருந்து வந்த தந்தை, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த தாய், லாங் பீச் பக்கத்துக் குடும்பம். பன்னிரண்டு வயதில் ஒரு பிட்சிங் பயிற்சியாளரிடம் அழைத்துப் போனபோது, இவளுக்குக் கை நீளம் போதாது, பதினாறு வயதுக்கு மேல் பிட்சராக நிலைக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தப் பெண் யூசிஎல்ஏ-வில் 93 ஆட்டங்களில் வென்றார், 7இல் தோற்றார். 1993இல் அவர் செய்தது வேறு யாருக்கும் வாய்க்காதது. நாட்டிலேயே மிகக் குறைவாக ரன் கொடுத்த பிட்சர் அவர்தான்: 7 இன்னிங்ஸுக்கு 0.25 ரன், அதாவது நான்கு ஆட்டத்துக்கு ஒரு ரன். அதே சீசனில் நாட்டிலேயே முதல் ஹிட்டரும் அவர்தான், சராசரி .510, அதாவது இரண்டு முறைக்கு ஒரு முறையாவது வெற்றிகரமான அடி. பந்து போடாத நாட்களில் மூன்றாம் பேஸில் நிற்பார். கிரிக்கெட்டில் ஒரே சீசனில் ஒருவரே அதிக ரன்னும் அடித்து அதிக விக்கெட்டும் எடுத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துச் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான ஹோண்டா-பிராடரிக் கோப்பை அவருக்குக் கிடைத்தது. சாஃப்ட்பாலிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர்.

இவ்வளவு இருந்தும் அவர் இருந்த கடைசி ஆண்டின் இறுதி ஆட்டத்தை அரிசோனா 1-0 என்று வென்றது. மைக் கேண்ட்ரியா என்ற பயிற்சியாளர் அரிசோனாவை யூசிஎல்ஏ-வுக்குச் சமமாக வளர்த்துவிட்டிருந்தார். 1991, 1992, 1993, 1995, 1997, 2001, 2010 என்று ஏழு முறை இந்த இரண்டு அணிகளும் இறுதியில் சந்தித்திருக்கின்றன. 1997இல் அரிசோனா 10-2 என்று முன்னேற, வித்தியாசம் பெரிதானதால் ஐந்தே இன்னிங்ஸில் கதை முடிந்தது. நல்ல எதிரி ஒருவர் பக்கத்து மாநிலத்திலேயே இருந்தது யூசிஎல்ஏ-வுக்கு ஒரு வகையில் கொடுப்பினை.

லீசாவின் பந்துகளைப் பிடித்த கேட்சர்களில் ஒருவர் கெல்லி இனோயே. திருமணத்துக்குப் பின் இனோயே-பெரெஸ். 1989, 1990, 1992 என்று மூன்று பட்டங்கள் வென்ற அணிகளில் இருந்தார். படிப்பு முடிந்ததும் 1994இல் அங்கேயே உதவிப் பயிற்சியாளரானார், பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அந்த இடத்திலேயே இருந்தார். கேட்சர் ஒருவருக்குத்தான் முழு மைதானமும் எதிரே தெரியும். எந்தப் பந்து போடுவது என்று சைகை காட்டுவது, பிட்சர் சோர்ந்தால் போய்ப் பேசுவது, தடுப்பாளர்களை இடம் மாற்றி நிறுத்துவது எல்லாம் அவர் வேலை. மூன்றாவது பயிற்சியாளர் கேட்சராக இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இங்கே 1995ஐச் சொல்லாமல் தாண்டுவது நேர்மையாகாது. அந்த வருடம் சீசன் பாதி போன பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து டான்யா ஹார்டிங் என்ற பிட்சர் வந்து சேர்ந்தார். வேர்ல்ட் சீரிஸில் யாராலும் அவரை அடிக்க முடியவில்லை. இறுதியில் அரிசோனாவை 4-2 என்று வென்றார்கள், தொடரின் சிறந்த வீராங்கனை அவர்தான். போட்டி முடிந்ததும் படிப்பைத் தொடராமல் ஊர் திரும்பிவிட்டார். கல்லூரி விளையாட்டா, கூலிக்கு ஆள் பிடிப்பதா என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. அதன் பிறகு நடந்த விசாரணையில் இன்னொன்று வெளியே வந்தது. சாஃப்ட்பால் வீராங்கனைகள் சிலருக்குப் பெண்கள் கால்பந்து அணியின் கணக்கிலிருந்து உதவித்தொகை கொடுத்திருந்தார்கள். அதாவது அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை வைத்திருந்தார்கள். என்சிஏஏ 1995 பட்டத்தை ரத்து செய்தது. அதனால்தான் மேலே கொடுத்த பட்டியலில் அந்த ஆண்டு இல்லை. தண்டனை நியாயமானது என்றே நினைக்கிறேன். மற்ற அணிகள் வரம்புக்குள் நின்று ஆடியபோது இவர்கள் தாண்டியிருக்கிறார்கள்.

அந்தக் கறையோடுதான் என்குவிஸ்ட் 1997இல் தனிப்பொறுப்பு ஏற்றார். இரண்டே வருடத்தில் 1999 பட்டம் வந்தது. அந்த அணியின் கேட்சர் ஸ்டேசி நூவ்மன் கல்லூரி வாழ்க்கையில் 90 ஹோம்ரன் அடித்தவர். பல வருடம் அதுதான் தேசிய சாதனை. 2003 இறுதி ஆட்டத்தில் கெய்ரா கோயர்ல் கலிஃபோர்னியா பெர்க்லி அணிக்கு 9 இன்னிங்ஸிலும் ஒரு ஹிட்கூட, அதாவது பேஸை எட்டவைக்கும் ஒரு நல்ல அடிகூட, கொடுக்கவில்லை. ஆட்டம் 1-0. பழைய யூசிஎல்ஏ ஸ்கோர்! மறுவருடமும் அதே எதிரி, 3-1. அந்த 2003 அணியின் ஷார்ட்ஸ்டாப் நடாஷா வாட்லி அமெரிக்க ஒலிம்பிக் சாஃப்ட்பால் அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண். என்குவிஸ்ட் 2006இல் விலகும்போது அவர் கணக்கில் 887 வெற்றி, 175 தோல்வி, ஒரு டிரா. ஆடியவராகவோ பயிற்றுவித்தவராகவோ, அதுவரையிலான யூசிஎல்ஏ பட்டங்கள் எல்லாவற்றிலும் அவர் பங்கு உண்டு.

ஒலிம்பிக் பக்கம் நீளமான கதை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாஃப்ட்பால் நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் அமெரிக்க அணியில் யூசிஎல்ஏ ஆட்கள் இருந்திருக்கிறார்கள். லீசா ஃபெர்னாண்டஸ் 1996, 2000, 2004 மூன்றிலும் தங்கம் வென்றவர். சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 13 இன்னிங்ஸ் போட்டு 25 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தும் (பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றியும்) அந்த ஆட்டம் 2-1 என்று தோல்வியில் முடிந்தது. துவண்டு போகாமல் அமெரிக்க அணி எழுந்து வந்து தங்கம் வென்றது. அந்த ஃபெர்னாண்டஸ் 2007 முதல் யூசிஎல்ஏ-வில் பயிற்சியாளர் குழுவில் இருக்கிறார். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பந்தைச் சுழற்றக் கற்கும்போது, பக்கத்தில் நின்று மணிக்கட்டைத் திருத்துபவர் இந்த ஆட்டத்தின் மிகப்பெரிய பிட்சர். கேட்சரும் பிட்சரும் முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரே அணியில். வேறு எந்தக் கல்லூரி இதைத் தர முடியும்?

இனோயே-பெரெஸ் பொறுப்பேற்ற முதல் மூன்று ஆண்டுகளில் கோப்பை வரவில்லை. 2010இல் வந்தது, ஆனால் அது வேறு மாதிரி ஆட்டம். இறுதி மூன்று ஆட்டத் தொடராக மாறியிருந்தது. முதல் ஆட்டத்தை மேகன் லாங்கன்ஃபெல்ட் 8வது இன்னிங்ஸில் ஹோம்ரன் அடித்து 6-5 என்று முடித்தார். இரண்டாவது ஆட்டத்தின் ஸ்கோர் 15-9! பேக்கஸ் காலத்து ஏழு இறுதி ஆட்டங்களில் இரு தரப்பும் சேர்ந்து எடுத்ததைவிட இந்த ஒரே ஆட்டத்தில் அதிக ரன். மட்டைகள் மாறிவிட்டன, உடற்பயிற்சி மாறிவிட்டது, அடிப்பவர்கள் பிட்சரைப் படிக்கும் விதமும் மாறிவிட்டது.

பழைய பாணியும் செத்துவிடவில்லை. 2019 ஜூன் 2ஆம் தேதி ஓக்லஹோமா சிட்டியில் வாஷிங்டன் அணியுடன் நடந்த அரையிறுதி, நான் இந்த ஆட்டத்தில் மிகவும் மதிக்கும் ஒன்று. ரேச்சல் கார்சியா 10 இன்னிங்ஸ் பந்து போட்டார். 179 பந்து. 16 ஸ்ட்ரைக் அவுட். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கமும் விடவில்லை, 0-0 என்றே போய்க்கொண்டிருந்தது. 10வது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில், யூசிஎல்ஏ மட்டை பிடிக்கும் முறையில், இரண்டு பேர் பேஸில் நிற்க, அதே கார்சியா மட்டையோடு வந்தார். பந்து வேலியைத் தாண்டியது. 3-0. இறுதியில் ஓக்லஹோமாவை முதல் ஆட்டத்தில் 16-3 என்று நசுக்கினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஓக்லஹோமா 7வது இன்னிங்ஸில் ஹோம்ரன் அடித்து 4-4 என்று சமன் செய்தது. அடுத்த அரை இன்னிங்ஸிலேயே கின்ஸ்லி வாஷிங்டனின் அடியில் வெற்றி ரன் வந்துவிட்டது.

‘அவர்கள் அப்படி என்ன செய்தார்கள்’ என்பதற்கு வெறும் பாரம்பரியத்தை மட்டும் பதிலாகச் சொன்னால் பாதிதான் உண்மை. இடமும் உதவியது. தெற்குக் கலிஃபோர்னியாவில் வருடம் முழுக்க வெளியே ஆடலாம். பனி கொட்டும் மாநிலங்களில் பிள்ளைகள் கூடத்துக்குள் வலையில் பயிற்சி எடுக்கும்போது இங்கே எட்டு வயதுச் சிறுமிகள் வார இறுதி முழுக்கப் போட்டி ஆடுவார்கள். லயனெட்ஸ் காலத்திலிருந்தே அந்தப் பகுதியில் அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பெண் என்று யாராவது ஆடியிருப்பார்கள். முதல் இருபது வருடம் யூசிஎல்ஏ தன் வீட்டைச் சுற்றி ஐம்பது மைலுக்குள் தேடினாலே ஒரு தேசிய அணி கிடைத்துவிடும். ஆனால் அதே ஊரில் வேறு கல்லூரிகளும் இருந்தன, அதே வெயில் அவர்களுக்கும் அடித்தது. அவர்களிடம் இல்லாதது பேக்கஸ், என்குவிஸ்ட், இனோயே-பெரெஸ் என்ற அந்தத் தொடர்ச்சி.

இந்த வழிக்கு ஒரு பலவீனமும் உண்டு. வீட்டுக்குள்ளேயே ஆள் எடுத்தால் வெளியே ஆட்டம் மாறுவது தாமதமாகத்தான் கண்ணில் படும். 2010க்குப் பிறகு 2014 வரை அவர்கள் வேர்ல்ட் சீரிஸுக்கே போகவில்லை. அந்தக் காலத்தில்தான் பேட்டி காஸோ என்ற பயிற்சியாளர் ஓக்லஹோமாவைப் பெரிய சக்தியாக்கினார். அவரும் கலிஃபோர்னியாக்காரர்தான், அங்கேயிருந்துதான் 1995இல் ஓக்லஹோமாவுக்குப் போனார். இன்று ஓக்லஹோமாவின் மைதானத்தில் 4,200 பேர் உட்காரலாம். ஈஸ்டன் குடும்பத்தின் நன்கொடையில் 1994இல் திறந்த யூசிஎல்ஏ மைதானம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வீராங்கனைகள் விளம்பர ஒப்பந்தத்தில் பணம் பெறலாம், விருப்பப்படி கல்லூரி மாறலாம் என்று விதிகள் வந்த பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. 2024இல் நைஜரி கேனடி என்ற பிட்சரை டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து இழுத்தது. மறுவருடமே அந்த அணி இறுதிவரை போய்விட்டது. நான்கு வருடம் ஒரே வீட்டில் வளர்த்து ஆளாக்கும் முறைக்கு இது நேர் எதிரான வழி.

2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது, சாஃப்ட்பாலும் திரும்ப வருகிறது. ஆனால் சாஃப்ட்பால் ஆட்டங்களை ஓக்லஹோமா சிட்டியில் வைத்திருக்கிறார்கள், பெரிய மைதானம் அங்கேதான் இருக்கிறது என்பதால். ஆட்டத்தின் கூட்டமும் பணமும் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே இன்று யார் பலசாலி என்று கேட்டால் நானும் யூசிஎல்ஏ என்று சொல்ல மாட்டேன். பெரிய அணி எது என்று கேட்டால் என் பதில் யூசிஎல்ஏ-தான். நான்காவது தலைமைப் பயிற்சியாளரும் அங்கே ஆடியவராகவே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான ஆட்களும் அந்த வளாகத்திலேயே இருக்கிறார்கள்.